வீடு பார்த்தல்: ஒரு சமவெளியின் எழுதப்படாத வரலாறு

நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும் மலையின் கிழக்கிலும் மேற்கிலும், 8-ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைவித்த இரு திருமால் கோயில்கள் இருக்கின்றன. அங்குள்ள கல்வெட்டு கோயிலை 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று குறிக்கிறது. கிருகம் என்றால் வீடு. இறைவனுக்கு அதியர் கோமான் எடுத்த அந்த வீட்டில் ஓடு சரிவதில்லை, விட்டம் உளுப்பதில்லை, சுவரில் உவர் ஏறிச் சாந்து உதிர்வதில்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கடந்தும் நாம் அதனுள் நிமிர்ந்து நின்று பார்க்க முடிகிறது. ஆனால் அந்தக் கோயிலைக் குடைந்த கல்தச்சரின் வீடு எங்கே? அவருக்குக் கூலி அளந்த அதிகாரியின் வீடு எங்கே? இச்சமவெளியில் அக்காலத்து மனிதர் வாழ்ந்த வீடு ஒன்றுகூட இன்று இல்லை.

கோயில்களைப் பார்க்க நாம் பழகியிருக்கிறோம். தாங்குதளம், சுவர், கூரை, விமானம் என்று கீழிருந்து மேலாக உறுப்பு உறுப்பாகக் கண்ணை நகர்த்தும் பயிற்சி இத்தகைய பக்கங்களைப் படிப்பவர்கள் பலருக்கும் உண்டு. அதே கண்ணை, ஒரு குடும்பம் வாழும் சாதாரண வீட்டின்மேல் திருப்பினால் என்ன தெரியும்? பழுது எங்கே என்பது முதலில் தெரியும். பழுது எதனால் என்பது சற்றுப் பொறுத்துத் தெரியும். அந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும், யார் சரிசெய்ய வேண்டும் என்ற மூன்றாவது கேள்விக்கு விடை தேடினால், நம் கையில் இருப்பது கட்டடக்கலை அன்று, சமூக வரலாறு. சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து அந்த மூன்றாவது கேள்வியைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழுதுக்கு விட்ட நிலம்

கட்டுவதைவிடக் காப்பது கடினம் என்பதைச் சோழர் காலத்தவர் அறிந்திருந்தனர். கோயில் தரையைச் சாணமிட்டு மெழுகுவதற்கென்று விடப்பட்ட நிலத்துக்குத் 'திருமெழுக்குப்புறம்' என்று பெயர். கட்டடத்தைப் பழுது பார்த்துப் புதுப்பிப்பதற்கென்று விடப்பட்ட நிலம் 'புதுக்குப்புறம்'. இச்சொற்களைக் கல்வெட்டுகளில் காணும்போதெல்லாம் நமக்கு வியப்பு உண்டாகிறது. பழுது என்பது விபத்து அன்று, ஆண்டுதோறும் வருவது. ஆகவே அதற்கும் ஆண்டுதோறும் விளையும் வருவாய் ஒன்று வேண்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது.

ஆனால் அந்தத் தெளிவு கோயிலோடும் ஏரியோடும் நின்றது. வீட்டுக்குப் புதுக்குப்புறம் இல்லை. வீட்டின் பழுது வீட்டுக்காரன் பாடு. அதே வேளையில், சொந்த வீடு என்பது ஒருவனது தகுதியின் அளவுகோலாகவும் இருந்தது. முதலாம் பராந்தகரின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நாம் அறிவோம். ஊர் வாரியங்களுக்குக் குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்குரிய தகுதிகளில், நிலமும் கல்வியும் வயதும் போலவே, தன் மனையில் வீடெடுத்து வாழ்வதும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

அப்படியானால், நல்ல வீடு கட்டிக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் இருந்ததா? இவ்வினாவுக்குக் கொங்கு நாடே விடை வைத்திருக்கிறது. நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரிக்கு அப்பால் உள்ள கரூரிலும், கொங்கின் வேறு சில இடங்களிலும் 'கோனேரின்மைகொண்டான்' என்ற பட்டத்தோடு விளங்கிய அரசன் ஒருவனின் ஆணை கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. வெங்கால நாடு முதலிய பகுதிகளின் கம்மாளர்களுக்கு அவன் சில உரிமைகளை வழங்குகிறான். நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். தன் 15-ஆம் ஆட்சியாண்டின் ஆடி மாதம் முதல் இவ்வுரிமைகள் செல்லும் என்கிறான்.

கம்மாளர் என்போர் யார்? கல்தச்சரும் மரத்தச்சரும் கொல்லரும் கன்னாரும் தட்டாரும். ஊரில் ஒரு வீடு எழ வேண்டுமானால் வாசற்காலும் விட்டமும் தாழ்ப்பாளும் தூணும் செய்ய வேண்டியவர்கள். பிறர் வீடுகளை நிலைக்க வைத்தவர்கள் தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது. சங்கும் பேரிகையும் பெருமைக்குரியவை, இல்லாமலும் வாழலாம். சாந்து அப்படிப்பட்டதன்று. அதன் அருமையை உணர, வீட்டுக்குள் சென்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு தொட்டிக்கட்டு வீட்டுக்குள்

இப்பகுதியின் வசதியான வேளாண் குடும்பங்களின் பழைய வீடுகள் பல தொட்டிக்கட்டு வீடுகள். நடுவே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், முன்னால் திண்ணை, உள்ளே ஆசாரம், தலைக்கு மேல் அட்டாலி, பின்னால் பொடக்காலி. இவ்வட்டாரச் சொற்களில் பலவற்றைப் பிற மாவட்டத்தார் கேட்டறிந்திருக்க மாட்டார்கள். திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் பெருமாள்முருகன், 2000-ஆம் ஆண்டில் வெளியான தம் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யில் இம்மண்ணின் சொற்களைத் தொகுத்திருக்கிறார். சொல் மறைவதற்கு முன்பே பொருள் மறைந்துவிடும் காலம் இது என்பதால், அத்தகைய அகராதிகள் வீட்டு வரலாற்றுக்கும் ஆவணங்களாகின்றன.

அப்படியொரு வீட்டைப் பழுது பார்க்கும் நோக்கோடு சுற்றி வருவதாகக் கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது வீட்டையன்று, அதைச் சுற்றியுள்ள தரையை. மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடுகிறதா, சுவரடியில் தேங்குகிறதா? இச்சமவெளியின் பெரும்பகுதி செம்மண். பல இடங்களில் சில அடி ஆழத்திலேயே பாறை தட்டும். அங்கே கடைக்கால் உறுதியாக அமரும். இடையிடையே கரிசல் திட்டுகளும் உண்டு. கரிசல் ஈரத்தில் பெருத்து, கோடையில் சுருங்கிப் பிளக்கும். பாதி செம்மண்ணிலும் பாதி கரிசலிலும் கால் ஊன்றிய வீடு, ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைப்பவனைப் போல் ஆண்டுதோறும் அசைகிறது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் அந்த அசைவின் கையெழுத்து.

அடுத்தது சுவரடி. மண்சுவரும் செங்கல் சுவரும் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஆவியாக, அதில் கரைந்திருந்த உப்பு சுவரின் முகத்தில் வெள்ளையாகப் பூக்கும். சுவர் மாவாக உதிரும். இந்த இடத்தில்தான் சாந்தின் அருமை விளங்குகிறது. சாந்து பூசாத மண்சுவரை ஒவ்வொரு மழையும் கரைக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அதைத் திரும்ப அணைக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் மழையைத் தாங்குகிறது, உள்ளிருக்கும் ஈரத்தையும் மெல்ல வெளியே விடுகிறது. சுக்கான்கல்லைக் காளவாயில் சுட்டு, நீரில் நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்து பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. மயிரிழை விரிசல்களைக் காலப்போக்கில் தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. சாந்து பூசும் உரிமை மறுக்கப்பட்டவன் அழகை மட்டும் இழக்கவில்லை. அவனுடைய வீடு ஆண்டுதோறும் அவனது உழைப்பில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது. கொங்கு ஆணையை இந்தப் பொருளில்தான் வாசிக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

பிறகு மரம். திருச்செங்கோடு, இராசிபுரம் பக்கங்களில் பனை மலிந்திருந்ததால் வயிரம் பாய்ந்த பனஞ்சட்டங்கள் கூரையைத் தாங்கின. சட்டத்தின் நடுப்பகுதி நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் உளுக்கும். அங்கே ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். கறையான் சுவரில் போட்டிருக்கும் மண்கோடு எங்கிருந்து புறப்பட்டு எங்கே முடிகிறது என்று பின்தொடர வேண்டும். கடைசியாகக் கூரை. நாட்டு ஓடுகள் காற்றிலும் பூனை நடையிலும் சரியும். கோடையில் அவற்றை இறக்கி, உடைந்ததைக் கழித்து, மறுபடி அடுக்குவார்கள். மழை குறைந்த நாட்டில் இவ்வேலையைத் தள்ளிப்போடுவது எளிது. ஒழுகுவது ஆண்டில் சில நாள்தானே! ஆனால் அந்தச் சில நாளில் விட்டத்துக்குள் இறங்கிய நீர் ஆண்டு முழுவதும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

விரிசலைக் கண்டவுடன் அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அதன் குறுக்கே சிறிது சாந்தை அப்பி, தேதி குறித்து வைப்பது கொத்தனார்களின் பழைய முறை. சில மாதம் கழித்து அந்தச் சாந்தும் பிளந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். பார்த்தல், பொறுத்திருத்தல், மீண்டும் பார்த்தல். விவிலியத்தின் லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்திலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவான கறை தோன்றினால் வீட்டைக் காலிசெய்து, ஆசாரியன் வந்து பார்த்து, ஏழு நாள் பூட்டி வைத்து, மீண்டும் பார்க்க வேண்டும். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்துச் சுவரைச் சுரண்டிப் புதுச் சாந்து பூச வேண்டும். அதன்பிறகும் கறை வந்தால் வீட்டை இடிக்க வேண்டும். நாடும் நம்பிக்கையும் வேறாயினும், சுவரை நேர்மையாகப் பார்க்க விரும்பிய மனிதர்கள் ஒரே வழிக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

கொங்கு நாட்டில் இப்பார்வைக்கு ஒரு நாளும் குறிக்கப்பட்டிருந்தது. பொங்கலுக்கு முன் வீட்டை ஒழித்து, ஒட்டடை அடித்து, வெள்ளையடிப்பார்கள். போகியன்று பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கூரையின் இறவாணங்களில் காப்புக் கட்டுவார்கள். இதைச் சடங்காக மட்டும் காண நமக்கு மனம் வரவில்லை. சாமான்களை நகர்த்தினால்தான் சுவரடி தெரியும். புது வெள்ளையின்மேல்தான் அடுத்த விரிசலும் கறையான் கோடும் பளிச்சென்று தெரியும். காப்புக் கட்டும் கை கூரையின் விளிம்பைத் தொட்டே ஆக வேண்டும். ஆண்டுக்கொரு முறை வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு மனிதக் கண் விழும்படி அந்த விழா அமைந்திருந்தது.

அளக்க வந்தவர்கள்

1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கும்பினியார் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவரது உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்தார்கள். 1866-இல் சேலம் நகராட்சி ஆனது. அதன்பின் வீட்டையும் அதிகாரிகள் பார்க்க வந்தனர். ஆனால் அவர்கள் பார்த்தது வரி மதிப்பை. சுவரின் நீளம் எழுதப்பட்டது. சுவரின் விரிசல் எழுதப்படவில்லை. பின்னர் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், இடிந்து விழக்கூடிய கட்டடத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை நகராட்சிக்குக் கொடுத்தது. பழுது பொது அக்கறையானது. என்றாலும் அது நகரத்துச் சட்டம். சமவெளியின் ஊர்களுக்கு அது எட்டவில்லை.

வேறொரு மாற்றம் இரயிலில் வந்தது. சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூரை எட்டிய இருப்புப் பாதை 1862-இல் நிறைவுற்றது. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்தச் 'சீமை ஓடு' மெல்லப் பரவி நாட்டு ஓட்டின் இடத்தைப் பிடித்தது. உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும். கூரை முழுவதையும் ஆண்டுதோறும் பிரித்து அடுக்க வேண்டியதில்லை. வீடு பார்க்கும் வேலையில் முதல் சலுகை அப்போதுதான் கிடைத்தது.

கண்ணுக்குத் தெரியாத துரு

இரண்டாவது சலுகை சிமெண்டு. சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையே உள்ள சங்ககிரியில் 1960-களில் சிமெண்டு ஆலை இயங்கத் தொடங்கியது. காளவாய்ப் புகை அடங்கியது. கடுக்காய் மருந்துக் கடைக்குள் சென்றுவிட்டது. கம்பி கட்டிக் காங்கிரீட்டு போட்ட தளம் கறையானுக்கு அஞ்சாது, பூனைக்கு அஞ்சாது, தீக்கும் எளிதில் அஞ்சாது. அரசின் தொகுப்பு வீடுகள் வழியாக, தலைமுறை தலைமுறையாக ஓலைக் கூரையின்கீழ் வாழ்ந்தோருக்கும் காங்கிரீட்டுக் கூரை கிடைத்தது. இதை வெறும் பொறியியல் செய்தியாக நாம் கருதவில்லை. சாந்துக்கே ஆணை வேண்டியிருந்த நாட்டில், இது ஒரு சமூக நிகழ்வு. பழைய வீட்டின் அழகை நினைத்துச் சிமெண்டைப் பழிப்போர் இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் சிமெண்டு ஒரு பொய்யையும் கூடவே கொண்டுவந்தது: இனிப் பார்க்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை. சுண்ணாம்பு வீட்டின் பழுது வெளியிலிருந்து உள்ளே செல்லும்; ஆகவே கண்ணில் படும். காங்கிரீட்டின் பழுது உள்ளிருந்து வெளியே வரும். காரத்தன்மை மிக்க காங்கிரீட்டுக்குள் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட்டின் கனம் குறைவாக இருந்தாலோ, தளத்தில் நீர் தேங்கினாலோ, துரு விரைந்து தொடங்கும். துருவேறிய இரும்பு பல மடங்கு பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள காங்கிரீட்டையே உடைக்கும். கூரையிலிருந்து முதல் சில்லு படுக்கையில் விழும் நாளில்தான் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். சுண்ணாம்பைக் கல்லாக்கிய அதே கரியமில வாயு, கம்பியின் காவலைக் கரைக்கிறது என்பது வேதியியலின் வேடிக்கை.

இன்னொரு தவறும் பரவலாக நிகழ்கிறது. பழைய சுண்ணாம்புச் சுவரின் சாந்து உதிர்ந்தால் அதன்மேல் சிமெண்டு பூசுகிறார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே தங்கி, அல்லது பூச்சுக்கு மேலே ஏறி, உதிர்வை இரு மடங்காக்குகிறது. சுத்தியலால் மெல்லத் தட்டினால், பிடிப்பு விட்ட பூச்சு பானையைப் போல் ஒலிக்கும். அந்த ஓசையை இனங்காணும் காதுகள் குறைந்துவிட்டன.

யார் பார்ப்பது?

நாம் தொடங்கிய மூன்றாவது கேள்விக்கு வருவோம். கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட அமுராபியின் சட்டத் தொகுப்பு இதற்குக் கடுமையான விடை சொல்கிறது. கட்டியவனின் குறையால் சுவர் சாய்ந்தால், அவன் தன் சொந்தச் செலவில் அதை உறுதியாக்க வேண்டும். வீடு இடிந்து உரிமையாளன் இறந்தால் கட்டியவனுக்கு மரணம். ஆனால் ஒருவனது சுவர் அடுத்தவன் வீட்டின்மேல் விழுந்தால்?

அந்தக் கேள்வி நம் காலத்தில் கொங்கு மண்ணிலேயே எழுந்தது. 2019 டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையின்போது, தனியார் வீடொன்றின் ஏறத்தாழ 20 அடி உயர மதில் சரிந்து, அதையொட்டியிருந்த எளிய ஓட்டு வீடுகளின்மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் உயிரிழந்தனர். அவர்கள் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அந்த மதிலைப் பற்றி முன்பே முறையிட்டிருந்ததாக அங்கிருந்த மக்கள் கூறினர். பார்த்தவர்கள் இருந்தார்கள், அவர்களுடைய பார்வைக்கு மதிப்பில்லை. கம்மாளர் ஆணையையும் நடூரையும் அடுத்தடுத்து வைத்து எண்ணும்போது, சுவர் என்பது கல்லாலும் சாந்தாலும் மட்டும் கட்டப்படுவதில்லை என்று உணர்கிறோம்.

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் வீடு இடிந்தபின் கிராம நிர்வாக அலுவலர் வந்து, பகுதிச் சேதமா முழுச் சேதமா என்று எழுதிச் செல்கிறார். நிவாரணத்துக்கு அது தேவைதான். ஆனால் இடிவதற்கு முன் பார்ப்பவர் யார்? புகழ் பெற்றோர் சிலரின் வீடுகளை அரசு காக்கிறது. நாமக்கல்லில் கவிஞர் வெ. இராமலிங்கம் (1888–1972) வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது; முன்பு சேலம் மாவட்டத்திலும் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அடங்கும் தொரப்பள்ளியில், 1878-இல் இராஜாஜி பிறந்த வீடும் அவ்வாறே. பெயரில்லாதவர்களின் வீடுகளுக்கு 2024-இல்தான் ஒரு தொடக்கம் நிகழ்ந்தது. ஊரகப் பகுதிகளில் முன்பு அரசுத் திட்டங்களின்கீழ் கட்டப்பட்ட பழைய வீடுகளைப் பழுது நீக்கத் தமிழ்நாடு அரசு தனித் திட்டம் அறிவித்தது. புதிதாகக் கட்டுவதற்குத் திட்டங்கள் பல வந்ததுண்டு. கட்டியதைக் காப்பதற்கு நிதி ஒதுக்குவது அரிது. அதைக் கேள்விப்பட்டபோது நம் நினைவுக்கு வந்த சொல் 'புதுக்குப்புறம்'. கோயிலுக்கு விடப்பட்ட அந்த நிலம், ஆயிரம் ஆண்டு நடந்து, குடியானவன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நிதி மட்டும் போதாது, கண்ணும் வேண்டும். பிரம்பும் சுத்தியலும் தூக்குக் குண்டும் ஒரு மழைநாளும் இருந்தால் யாரும் தம் வீட்டைப் பார்க்கத் தொடங்கலாம். மழை பெய்யும்போதே குடை பிடித்துக்கொண்டு வெளியே சென்று, நீர் எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தேதியிட்டு எழுதி வையுங்கள். அயல்வீட்டு மதில் சாய்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அதைச் சொல்பவர் யாராயினும் காதுகொடுங்கள். கல்வெட்டுகளை வாசிக்கக் கற்ற நமக்குச் சுவரின் எழுத்து அவ்வளவு கடினமானதன்று. கல்வெட்டு பொறுத்திருக்கும். சுவர் பொறுத்திராது.